பாகம் பிரித்த சாவி

எங்கள் மிளகாய்க் குளிர்பதனக் கிடங்கு என் பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து. ஆனாலும் உள்ளே அடுக்கியிருக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதனால்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.

யார் எவ்வளவு சரக்கு வைத்திருக்கிறார்கள் என்பது வெளியே கசிந்து, வியாபாரிகள் விலையைக் குறைத்துக் கேட்டார்கள். அதற்காக என் மகன்கள் இருவரும் கம்ப்யூட்டர் கணக்கைப் பூட்டிவைக்கும் சாப்ட்வேர் வாங்கினார்கள். வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். தவறிப்போய்ப் பூட்டிக்கொண்டால் திறப்பதற்கு ஒரு மீட்புச் சாவி உண்டு. சாவி என்றால் நீளமான எண்வரிசைதான். "ஒரு நகல் எங்ககிட்ட இருக்கட்டும்மா" என்றான் கம்பெனிக்காரன். மகன்கள் ஒப்பவில்லை. வயலைப் பிரித்த மாதிரி அதையும் பாகம் பிரித்தார்கள். முன்பாதி பெரியவனுக்கு, பின்பாதி சின்னவனுக்கு.

அப்புறம் கிணற்றுத் தகராறில் பேச்சு நின்றது. தம்பி கட்டுவான் என்று அண்ணனும், அண்ணன் கட்டுவான் என்று தம்பியும் லைசென்ஸை விட்டுவிட்டார்கள். கணக்கு பூட்டிக்கொண்டது.

அன்று பார்த்து உத்தரகோசமங்கையிலிருந்து ஒருத்தி வந்தாள். தனியாளாக மிளகாய் போடுகிறவள். நல்ல விலைக்கு ஆள் பிடித்து, அவன் லாரியையும் கூட்டி வந்துவிட்டாள். மதியத்துக்கு மேல் லாரி நிற்காது. அவள் மூட்டை எந்த அறையில், எந்த அடுக்கில் என்று கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

பணம் கட்டிப் புதுப்பித்தோம். "ரெண்டு பாதியையும் போட்டாத்தான் தொறக்கும்மா" என்று கம்பெனிக்காரன் போனில் கைவிரித்தான்.

மகன்களை வரச் சொன்னேன். சின்னவன் உள்ளே உட்கார்ந்தான். பெரியவன் வாசற்படி தாண்டவில்லை.

"அவன எந்திரிச்சுப் போகச் சொல்லு. அவன் பாக்க என் நம்பரப் போடமாட்டேன்."

"எம்பாதியப் பாத்துக்கிட்டு நாளைக்கு என்னைய வெளிய தள்ளிருவாரு" என்றான் சின்னவன்.

"ஏலே, பூட்டிக் கெடக்கிறது யாரு சரக்குடா? ஒங்க அய்யா சம்பாதிச்சதா? அடுத்தவ காயவச்ச மிளகா. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறது காதுல விழலையா?"

"நீ சும்மா இரு ஆத்தா. ஒனக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்?" என்றான் பெரியவன்.

சின்னவன் சட்டையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். பெரியவன் வந்து தன் பாதி எண்ணைத் தட்டினான். பிறகு பெரியவனைத் திருப்பி நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. வெட்கமாக இருந்தது எனக்கு.

திறந்தது. ஆனால் மூட்டைகளைத் தேடி இறக்குவதற்குள் லாரி போய்விட்டது.

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து வேறொருவனுக்குப் போன் போட்டாள். "நீங்க கேட்ட வெலைக்கே தாரேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகன்கள் அதற்குள் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பிவிட்டார்கள்.

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இருக்கட்டும்க்கா. உள்ள கெடக்கிற மிச்ச மூட்டையையும் இன்னைக்கே எறக்கிருங்க. எங்க வீட்டு ஓட்டுக்கடியில கெடந்து வண்டு அடிச்சாலும், நான் நெனச்சப்ப எடுத்துக்கிருவேன்."

ஆட்களைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னேன்.