வாசிக்காமல் சொன்ன இன்னாலில்லாஹி

எங்கள் மஹல்லாவில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்காக இப்போது யாரும் காத்திருப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்தான் சொல்லும். செய்தி விழுந்த நிமிடமே, இறந்தவருக்காகச் சொல்லும் இன்னாலில்லாஹி வரிசை தொடங்கிவிடும். பலர் அதைப் போனில் சேமித்தே வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டு, கடமை முடிந்தது.

என் உடன்பிறந்த மூத்தவள் ராத்தாவின் கணவரைக் கல்முனையில் பஸ் மோதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மச்சானுக்கு அரிதான வகை இரத்தம். பெயர், வார்டு, இரத்த வகை, என் நம்பர் எல்லாம் எழுதிக் குரூப்பில் போட்டேன். முதல் பதில் அடுத்த தெருப் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவரிடமிருந்து வந்தது: இன்னாலில்லாஹி. அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இருபது பேர். ஆள் உயிரோடு இருக்கிறார், இரத்தம்தான் தேவை என்று நான் போட்டது அந்தக் குவியலுக்குள் புதைந்துபோனது.

ராத்தா சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள், கையில் போனோடு. அந்த வரிசையை அவளும் பார்த்தாள். அப்படியே தரையில் சரிந்தாள்.

இரத்தம் கொடுக்க மருதமுனையிலிருந்து புறப்பட்ட இரண்டு பேர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். "ஆள் மௌத்தெண்டு குரூப்பில கிடந்திச்சி, அதுதான் திரும்பிட்டம்" என்று பிறகு சொன்னார்கள். வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து இரத்தம் வந்து மச்சான் பிழைத்தார்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் காக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

"கண்ணாடி போடல்ல தம்பி. நம்மட குரூப்பில ஆஸ்பத்திரி எண்டு வந்தா முடிவு அதுதானே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே குரூப்பில் எழுதினேன்: பதில் போடுமுன் செய்தியை முழுதாக வாசியுங்கள், பழைய மௌத்துச் செய்தியைத் திரும்பப் போடாதீர்கள், பிழை விட்டால் மன்னிப்புக் கேளுங்கள். மரியாதையாகத்தான் எழுதினேன். "துஆச் செய்ற ஆக்களுக்கும் இவர் சட்டம் போடுறாரு" என்று ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. பழைய செய்தி பற்றிய வரியை மட்டும் எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதை வைத்து மற்றவனைத் திருத்தலாம் அல்லவா?

மச்சான் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் இருந்தார். காயத்தில் கிருமி ஏறி ஒரு காலையில் மௌத்தானார். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கம் என்று குரூப்பில் நானே போட்டேன்.

மச்சானின் பெயரைப் பார்த்த காக்கா உடனே எழுதினார்: "இது பழைய செய்தி. போட முந்தி வாசிங்க தம்பி."

கீழே பெருவிரல் படங்கள் வரிசையாக எழும்பின. இல்லை, இன்றைக்குத்தான் மௌத்து என்று எழுதினேன். அதை யார் வாசித்தார்கள்?

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ராத்தா வீட்டில் போட்ட கதிரைகள் பாதிகூட நிறையவில்லை. அடக்கம் செய்ய மையவாடிக்குப் போகும் வழியில் சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொள்ள ஆள் இல்லாமல், என் முனையைக் கடைசிவரை நானே சுமந்தேன்.