அவரு கோச்சிக்குவாருக்கா

ஆணுறையைக் கையில் கொடுப்பது எங்கள் வேலையில் சுலபமான பாதி; வாங்கினவரை அதைப் பிரிக்க வைப்பதுதான் மீதிப் பாதி என்பது என்னைப்போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நெய்வேலியில் ஆண்களை விரும்பும் ஆண்களையும், இருபாலரையும் விரும்பும் ஆண்களையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அழைத்துப்போகும் களப்பணியாளர் நான். படித்தது கம்மாபுரம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

திரும்பி வந்த பாக்கெட்

செல்வம் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். அவர் விரும்பும் ராஜன் அங்கேயே பர்மனென்ட். குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர். ராஜனுக்கு ஏதாவது பிடிக்காமல் போனால் போனை எடுக்கமாட்டார். அன்றைக்கெல்லாம் செல்வத்துக்குச் சோறு இறங்காது. ஆணுறை என்று பேச்செடுத்தால், நம்பிக்கை இல்லையா என்று ஒரேயடியாக விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் செல்வம் வாயே திறக்கவில்லை. இருவரும் ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. நான் கொடுத்த பாக்கெட்டை அடுத்த வாரம் பிரிக்காமலே மேஜைமேல் வைத்தார்.

“வேற யாருக்காவது ஆவும்க்கா. வீணாப் போவக் கூடாதில்ல?”

பால்வாடி வாசல்

மனிதர்கள் ஒட்டிப் பழகும் விதம் பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. எல்லாரும் குறிப்பெடுக்க, எனக்குப் பால்வாடி வாசல்தான் கண்முன் வந்தது. சேலையை விடாமல் அழுகிற பிள்ளை. அம்மா வந்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை. ஓடி விளையாடிவிட்டுத் தானாக வந்து மடியில் விழுகிற பிள்ளை. முதல் பிள்ளை செல்வம், இரண்டாவது ராஜன். திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கும் உள்ளே பயம்தான் என்றார் வகுப்பெடுத்தவர். கூட வேலை பார்க்கும் மேரி அக்காவிடம் இந்தக் கணக்கை விளக்கினேன்.

“அதெல்லாம் சரி, உன் வூட்டுக்காரரு எந்தப் புள்ள?”

ஒத்திகை

செல்வத்தை எதிரே உட்காரவைத்து, நான்தான் ராஜன், இப்போது கேளுங்கள் என்றேன். வீட்டில் விட ஆளில்லாமல் தூக்கி வந்த என் பெண் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைத் தடவினேன். என் வீட்டுக்காரரிடம் கற்ற வித்தை. செல்வம் இழுத்து இழுத்துப் பேசிப் பார்த்துவிட்டு எழுந்தேவிட்டார். கூப்பிட்டு மறுபடி உட்காரவைத்தேன். கடைசியில் சொன்னார்: “உன்ன சந்தேகப்பட்டு இல்ல. நாம ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். சேர்ந்தே டெஸ்ட்டுக்குப் போலாம். உறை இல்லாம இனிமே வேணாம்.”

அப்போதும் நான் உம்மென்றே இருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவரு இவ்ளோ மோசமாலாம் மூஞ்சத் தூக்கமாட்டாருக்கா.”

ஒரே வண்டியில்

செல்வம் ராஜனிடம் சொல்லியேவிட்டார். ராஜன் வழக்கம்போல் போனை எடுக்கவில்லை. செல்வம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சவில்லை; சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார். எனக்கு அதுவே பாதி வெற்றி. சில நாள் கழித்து இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பரிசோதனையில் இருவருக்கும் தொற்று இல்லை. புதுத் தொற்று உடனே தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், உறையை மட்டும் விடாதீர்கள் என்றேன். ராஜன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்: “இவன் கேட்டப்ப, என்ன உட்டுட்டுப் போவத்தான் சாக்கு தேடுறான்னு நெனச்சிகினு இருந்தேன். போறவன் டெஸ்ட்டுக்குக் கூடவே வான்னு கூப்புடுவானா?”

செல்வம் என் மேஜைப் பக்கம் கையை நீட்டினார்.

“போன தடவ திருப்பிக் குடுத்தேனே, அதையும் சேத்துக் குடுங்கக்கா.”

ராஜனையே பேசவைத்தாயிற்று, என் வீட்டில் மூஞ்சைத் தூக்குகிறவர் மட்டும்தான் இன்னும் பாக்கி.