சம்பந்தி கொடுத்த கொட்டேஷன்

எங்கள் அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் படித்ததெல்லாம் கரக்பூரில். பிறகு கல்கத்தாவுக்கு வந்து, பெஹாலாவில் இரும்பு நாற்காலியும் மருத்துவமனைக் கட்டிலும் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். வங்காளித் தொழிலாளர்களுக்கு அப்பா 'பொடோ பாபு', பெரிய ஐயா; சித்தப்பா 'சோட்டோ பாபு', சின்ன ஐயா. அப்பா பொய் சொல்ல மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், சம்பள நாளைத் தள்ளிப்போட மாட்டார். இதையெல்லாம் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். மகளுக்கு அந்த உரிமை உண்டு.

உங்களில் பலர் இத்தனை வருடங்களாக ஒன்றைச் சொல்லி வருகிறீர்கள். "பெரியவருக்கு மெஷின் வாங்கத் தெரியலை, அதான் டாக்குரியா வீடு போச்சு." நாங்கள் குடியிருந்த சொந்த வீட்டைத்தான் சொல்கிறீர்கள். துக்கம் கேட்க வந்த இடத்திலும் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். அது பொய். அப்பாவுக்கு மெஷின் வாங்கத் தெரியும். நடந்ததைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், குழாயை வெளியில் வாங்குவது கட்டுப்படியாகவில்லை. தகட்டுச் சுருளை வாங்கி, நாமே உருட்டி, விளிம்பைப் பற்றவைத்துக் குழாயாக எடுக்கும் டியூப் மில் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று அண்ணன் தம்பி இருவரும் முடிவு செய்தார்கள். மூன்று கொட்டேஷன்கள் வந்தன. ஒன்று லூதியானாவிலிருந்து, ஒன்று அகமதாபாத்திலிருந்து. மூன்றாவது ஹௌராவிலிருந்து. அதைக் கொடுத்தவர் சித்தப்பாவின் சம்பந்தி. சித்தப்பா மகள் வள்ளியை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்றில் விலை குறைவு அதுதான். நிறையவே குறைவு.

அப்பா அடியில் போட்டிருக்கும் தொகையை முதலில் பார்ப்பவர் அல்ல. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். எந்தெந்த அளவுக்கு உருளை தருகிறார்கள், பற்றவைக்கும் வெல்டர் மெஷின் உண்டா, மோட்டார் உண்டா, நம் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்துவது யார் பொறுப்பு, நம் தகட்டைப் போட்டே ஓட்டிக் காட்டுவார்களா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்தக் கட்டத்தையும் காலியாக விட மாட்டார். பதில் இல்லாத இடத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதிவிட்டு, அந்தக் கம்பெனியிடம் கேட்பார். லூதியானாவும் அகமதாபாத்தும் பதில் எழுதின. சம்பந்தியின் பக்கத்தில் பாதிக்கு மேல் 'சொல்லவில்லை' என்றே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்குரியா வீட்டில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மாவும் நானும் அங்கேதான் இருந்தோம்.

"ஏல, இதுல வெல்டரே இல்லையே. வெல்டர் இல்லாம குழாய் எப்படி மூடும்?" என்றார் அப்பா.

"அதெல்லாம் சேத்துத்தான் இருக்கும், அண்ணே. சொந்தக்காரர் ஏமாத்துவாரா?"

"ஏமாத்துதார்னு நான் சொல்லலை. எழுதித் தரச் சொல்லு. ரெண்டு வரி போதும்."

சித்தப்பா எழுந்துவிட்டார். "பொண்ணைக் குடுத்த வீட்டுல போய் எழுதிக் குடுன்னு கேக்கச் சொல்லுதீங்களா?"

"நீ கேக்காண்டாம். நான் கேக்கேன்."

"யார் கேட்டாலும் ஒண்ணுதான். அங்க என் மக இருக்கா, அண்ணே! நாளைக்கு அவளை அவங்க ஒரு சொல்லு சொன்னா, நீங்க போய்க் கண்ணைத் துடைப்பீங்களா?"

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அவருகிட்ட வாங்காண்டாம். தீந்துது."

"மதினி, கொட்டேஷன் கேட்டு வாங்கிட்டு, ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்தா அது இன்னும் மோசம்."

"அப்ப எதுக்குடே கேட்டு வாங்குன?" என்றார் அப்பா.

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா வைத்த டீயை யாரும் தொடவில்லை. அப்பா தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். தாளை மடித்தார். ஹௌரா ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

தெரியாமல் போட்டதில்லை. தெரிந்தே போட்டார். வள்ளிக்காகப் போட்டார்.

மில் வந்தது. வெல்டர் வரவில்லை. அப்பா சம்பந்திக்கு போன் செய்தார். அவர் சிரித்துக்கொண்டே, "கொட்டேஷன்ல வெல்டர்னு எங்க இருக்கு, காட்டுங்க அண்ணாச்சி," என்றார். உருளையும் ஒரே ஒரு அளவுக்குத்தான் வந்திருந்தது. கையில் கட்டில் ஆர்டர் காத்திருந்தது. அவசரத்துக்குப் பழைய வெல்டர் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். வந்த குழாயை வளைத்தால் பற்றவைத்த தையல் பிரிந்தது. நாங்கள் ஹராதன் தா, அதாவது ஹராதன் அண்ணன், என்று கூப்பிடும் ஃபோர்மேன் ஒரு துண்டை எடுத்து, பிளந்த இடத்தை விரலால் தடவி, "பொடோ பாபு, ஏடா பைப் நா, பான்ஷி," என்றார். இது குழாய் இல்லை, புல்லாங்குழல் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரியாத குழாயாகப் பொறுக்கிச் செய்து அனுப்பிய கட்டில்களும் திரும்பி வந்தன.

டாக்குரியா வீட்டை விற்று, நல்ல வெல்டரும் மற்ற அளவு உருளைகளும் வாங்கினார் அப்பா. பெஹாலாவில் பட்டறைக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடிபோனோம். அதன் பிறகு மில் ஒழுங்காக ஓடியது. இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சோறு போட்டது. சித்தப்பா லேக் கார்டன்ஸில் ஃபிளாட் வாங்கியதும் அதில்தான்.

அப்பா ஒரு நாளும் தம்பியைக் குறை சொல்லவில்லை. "ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்று அம்மா அழுதபோது, "கேட்டா போன வீடு வந்துருமா?" என்றார். இதைப் பெருந்தன்மை என்று நீங்கள் மெச்சுகிறீர்கள். நான் மெச்சவில்லை. அவர் வாயைத் திறக்காததால்தான், தெரியாத்தனமாக வாங்கினார் என்ற பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரோடுதான் போனார்.

இதய நோயால் கடைசி வருடம் பாதி நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி. கூப்பிடாமலே வந்து ரத்தம் கொடுத்த பட்டறைத் தொழிலாளர்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த ஹராதன் தாவுக்கும், எங்களைச் சமைக்க விடாமல் சாப்பாடு அனுப்பிய பெஹாலா அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. சித்தப்பா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நன்றி என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வள்ளி வந்திருந்தாள். அவளுக்காகத்தான் பெரியப்பா கையெழுத்துப் போட்டார் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. நான்தான் சொன்னேன்.

"அக்கா, கல்யாணமான புதுசுல மாமனார் ஆபீஸ்ல டைப் அடிச்சது நான்தான். அந்தக் கொட்டேஷனும் நான் அடிச்சதுதான். விலை கம்மியாத் தெரியணும், வெல்டரை எடுத்துருன்னு மாமா சொன்னாங்க."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"யாருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரை மாமா அப்புறம் கையால எழுதுனாங்க. எனக்குத் தெரிஞ்சப்ப மெஷின் லாரி ஏறிட்டு. முன்னாடியே என்கிட்ட யாராவது ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா, உள்ளதைச் சொல்லியிருப்பேன்."

"சொல்லிட்டு அந்த வீட்டுல எப்படி இருந்திருப்ப?"

"அதை நான் பாத்துக்கிட மாட்டேனா? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? எனக்காகப் பயந்தாங்களாம், என்கிட்ட கேக்காமலே! உங்க வீடும் போச்சு, பெரியப்பா பேரும் போச்சு."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எம்பேரைப் போட்டே எழுதுங்க. மாமாவும் படிக்கட்டும்," என்றாள்.

எழுதிவிட்டேன். அப்பாவின் வருட நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இதைப் பற்றி அவரிடம் நீங்கள் யாரும் பேச வேண்டாம். வள்ளி பேசிக்கொள்வாள்.