கோணியில் போன நாய்

அடுத்த தெருக்காரர் மாற்றலாகிப் போகிறார். அவருடையது வளர்ந்த நாய், வாங்கிக்கொள்ள யாரும் கேட்கவில்லை. கோணியில் கட்டித் தூரத்தில் விட்டுவிடப் போகிறாராம். அவர் கையிலிருந்த ஈரக் கோணியின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஏழு வயசு.

சுரங்கத்துக்காக எங்கள் ஊரை எடுத்துக்கொண்ட வருஷம். அப்பாவுக்குச் சுரங்கத்திலேயே வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. குவார்ட்டர்ஸில் நாய்க்கு அனுமதி இல்லை. வழி தெரிந்தால் திரும்பிவிடும் என்று அப்பா எங்கள் நாய் செவலையைக் கோணியில் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய் மேல்பட்டாம்பாக்கத்து அத்தை வீட்டில் விட்டுவந்தார்.

அது திரும்பித்தான் வந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ் அதற்குத் தெரியாதே. பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கிறது. வீடு இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்து விளிம்பில் நின்று மண்வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்ததாம். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தலைகுனிந்து சொன்னார்.

அம்மா நேரே அங்கே போய், புடவைக் கிழிசலை அதன் கழுத்தில் கட்டி, பட்டப்பகலில் குவார்ட்டர்ஸ் பிளாக் நடுவே நடத்திக்கொண்டு வந்தாள். மேற்பார்வையாளர் மறித்தார்.

"நாய்க்கு இங்க எடம் இல்லம்மா."

"எங்க எடத்துல நீங்க தோண்டிகினு இருக்கீங்க. ஒங்க எடத்துல எங்க நாயி படுத்துகினு இருக்கட்டுங்க."

அவர் ஓரடி நகர்ந்தார். "கடிக்குமா?"

"போவச் சொன்னா கடிக்குங்க."

செவலை எங்கள் வாசலிலேயே கிழடானது.

அடுத்த தெருக்காரரிடம் நாயின் கயிற்றை மட்டும் வாங்கிக்கொண்டேன். கோணி வேண்டாம். இந்த நாய் வழியைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்கு நடந்து வரட்டும்.