நான் சொன்ன ‘இல்லை’

கல்லூரியில் கணிதத் தர்க்கம் நடத்துகிறவள் நான். அதனால்தான் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன சம்பா நடவின்போது என் கணவர் வரப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பு வலியில் துடித்தார். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வலி ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கேட்டார்.

“சாருக்கு ஆஸ்துமா, அல்சர் ரெண்டும் இருக்காம்மா?”

அவருக்கு ஆஸ்துமா மட்டும்தான். இரண்டும் சேர்ந்து இல்லையே என்ற நினைப்பில், “இல்லைங்க” என்றேன்.

“ரெண்டுமே இல்ல” என்று முணுமுணுத்தபடி நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டார். முதலில் எனக்கு உறைக்கவில்லை. அவர் ஊசியை எடுத்தபோதுதான் உறைத்தது. ‘இரண்டும் சேர்ந்து இல்லை’ என்பதும் ‘இரண்டுமே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. வருஷா வருஷம் கரும்பலகையில் நான் எழுதிப்போடும் பாடம்தான் அது. பாய்ந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போடாதீங்க! அவருக்கு ஆஸ்துமா இருக்குங்க!”

“இப்பதானேம்மா இல்லன்னீங்க? இதைப் போட்டிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்!” நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார்.

வேறு மருந்து கொடுத்தார்கள். மறுநாளே அவர் எழுந்து நடமாடினார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த உண்மையைக் கேட்டுத்தான் நர்ஸ் ஊசியை எடுத்தார்.