சிமெண்ட் குழாய்க்குள் போன குட்டி டிரக்

2004ஆம் வருடக் கோடை. புனேயில் ஹடப்சர் பக்கம் ஒரு நாலு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். மறுநாள் காலை எங்கள் வீட்டில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. சொந்தக்காரர்கள், லோஹேகாவிலிருந்து தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் என்று ஐம்பது அறுபது பேர் வருவார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பள்ளம் தோண்டியவர்கள் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள்! கீழ்த்தொட்டி காலி. டேங்கர்காரருக்குப் போன் போட்டால் ‘உத்யா, உத்யா’ என்கிறார். நாளைக்குத்தானாம். வளைகாப்பே நாளைக்குத்தானே, மகராசா!

நாத்தனார் முகம் விழுந்துவிட்டது. “மதினி, வேண்டாம்னு எல்லாருக்கும் போன் பண்ணிருவமா?” என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மனசு தாங்கும்?

ரோட்டுக்கு எதிர்ப்புறக் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் இருந்தது. அங்கே செக்ரட்டரியாக இருந்தவர் தங்கமான மனிதர். தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், குழாய் மட்டும் உங்களுடையது என்று சொல்லிவிட்டார். நீளமான ஹோஸும் கிடைத்துவிட்டது. ஆனால் நடுவில் ரோடு இருக்கிறதே! லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும். குறுக்கே ஹோஸைப் போட்டால் சப்பாத்திதான். ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்கு ஒரு சிமெண்ட் குழாய் உண்டு. கோடையில் காய்ந்துதான் கிடக்கும். அதற்குள் ஹோஸை விட்டுத் தள்ளிப் பார்த்தோம், பாதியில் மடங்கிக்கொண்டது. ஆள் நுழைய முடியாத அகலம். மூங்கிலும் எட்டவில்லை.

“ஒரு கயிறு மட்டும் அந்தப் பக்கம் போயிட்டா போதும், ஹோஸைக் கட்டி இழுத்துரலாம்” என்றார் என் கணவர்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. “நம்ம டிரக்!” என்று கத்தியேவிட்டேன்.

அது ரிமோட்டில் ஓடும் டிரக், ஒரு முழ நீளம் இருக்கும். பேட்டரி பொம்மை இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு நிஜமான இன்ஜின், நைட்ரோ என்கிற தனி எரிபொருளைக் குடித்துவிட்டு அலறும். அமெரிக்காவிலிருந்து வந்த ஆபீஸ் நண்பரிடம் என் கணவர் ஆசையாக வாங்கினார். ஆனால் பைத்தியம் பிடித்தது என்னவோ எனக்கு. ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் வாரமெல்லாம் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் இதே பைத்தியம் பிடித்த நாலைந்து பேரோடு சேர்ந்து மைதானத்தில் இதோடு மல்லுக்கட்டுவேன். திருநெல்வேலிக்காரியான என் மாமியார் அதற்கு வைத்த பெயர் ‘வெளங்காத வண்டி’.

டிரக்கைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். குடியிருப்பே கூடிவிட்டது. மைதானத்தில் நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, செங்கல் மேல் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் சுற்ற, இன்ஜினைக் கிளப்பினேன். ஆஹா, என்ன சத்தம்! நைலான் கயிற்றைப் பின்னால் கட்டி, டார்ச் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டு மேலே பொருத்தி, தரையில் இறக்கினேன். ரிமோட்டில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. ரெண்டடி நகர்ந்தது, இருமியது, செத்தது. மறுபடியும் கிளப்பினேன். மறுபடியும் அதே கதை. பையன்கள் விசில் அடித்தார்கள்.

“நான்தான் அப்பவே சொன்னம்லா” என்றார் மாமியார்.

எனக்கு வந்ததே கோபம்! மாமியார் மேல் இல்லை, எங்கள் மைதானக் கூட்டத்தின் மேல். யார் வண்டி வேகமாகப் பறக்கும் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் போட்டி. அதனால் இன்ஜினில் முழு வேகத்துக்கான திருகாணியை மட்டும் பார்த்துப் பார்த்து வைப்போம். மெதுவாகப் போகும்போது எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் இன்னொரு குட்டித் திருகாணியை ஒருத்தரும் சீந்த மாட்டோம். சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது அந்தக் குறை தெரிவதே இல்லை. ஆனால் இங்கே குழாய்க்குள் கல்லும் மண்ணும் கிடக்கும். பறந்தால் கவிழும். மெல்ல, நின்று நிதானமாக, கயிற்றின் கனத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

“என்னங்க, பாரத்தோட ஓட்டித்தான் இதைச் சரி பண்ணணும். இந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வாங்க. விடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. சும்மா கனமா இருங்க” என்றேன்.

“அது எனக்கு நல்லா வரும்” என்றார் மனுஷன்.

இன்ஜினை மறுபடி கிளப்பி, எரிபொருள் போகும் ரப்பர் குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தேன். உடனே அடங்க வேண்டிய இன்ஜின், நின்று நிதானமாக அலறிவிட்டுத்தான் அடங்கியது. வயிறு முட்டக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். குட்டித் திருகாணியை ஓர் அரிசி அகலம் உள்ளே திருகினேன். புகை குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன், புகையே இல்லாமல் பட்டென்று நின்றது. ஐயோ, இப்போது பட்டினி! பாதி அரிசி பின்னால் வந்தேன். கணவர் போட்டிருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினேன். வேகம் போனால் போகட்டும், இழுவை கிடைக்குமே! மறுபடி கிளப்பிக் கொஞ்சம் ஓடவிட்டு, இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தெறிக்காமல் மெல்லக் காய்ந்தது. சூடு சரி.

இப்போது ஆக்சிலரேட்டரைப் பூப்போல அழுத்தினேன். உறுமிக்கொண்டு கிளம்பியது பாருங்கள்! என் கணவர் நாய்க்குட்டி இழுத்த இழுப்புக்குப் போகிறவர் மாதிரி அதன் பின்னாலேயே நடந்தார். குடியிருப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை.

“எல்லாவனும் வேடிக்கைதான் பாக்கான். அந்தப் பக்கம் நான் போறேன்” என்று என் மொபைலைப் பிடுங்கிக்கொண்டு மாமியார் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கணவரின் போன் வழியாக அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

குழாயின் வாயில் மண்டியிட்டுக்கொண்டு டிரக்கை உள்ளே விட்டேன். டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே சிறுத்தது. தலைக்கு மேல் லாரிகள் போகும் அதிர்வு. கணவர் கையிலிருந்து கயிறு சரசரவென்று போனது. திடீரென்று நின்றது. இன்ஜின் சத்தம் கம்மிப்போய் முக்க ஆரம்பித்தது. உள்ளே நின்றுபோனால் எடுக்கவும் முடியாது, கிளப்பவும் முடியாது. முழுசாக அழுத்தச் சொல்லிக் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைத் துளி தளர்த்தினேன், துளி அழுத்தினேன். செத்துடாதே என் ராசாத்தி! உறுமல் கனத்தது. கயிறு ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். அப்புறம் ஓட ஆரம்பித்தது.

“ஏட்டி, வெளிச்சம் தெரியுது!” என்று போனில் மாமியார் அலறினார். “வந்துட்டு! வண்டி வந்துட்டுட்டி! பிடிச்சுட்டேன்!”

நான் ரிமோட்டோடு குதித்தேன். விசில் அடித்த பையன்களே என்னோடு சேர்ந்து ஆடினார்கள். ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், மாமியார் பட்டுக்குட்டியைப் போல டிரக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சேலையெல்லாம் கரி. கயிற்றில் ஹோஸைக் கட்டி இழுத்தோம். பொழுது சாயும் முன்னே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. நாத்தனாருக்குப் போட்டு முடித்ததும் மாமியார் என் கையையும் பிடித்து வளையல் ஏற்றினார். “கையில இன்னும் இன்ஜின் வாசம் அடிக்கி” என்று மூக்கைச் சுளித்தார். ஆனால் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு வேலையிலும் வீட்டிலும் எத்தனையோ முறை எனக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அப்போதெல்லாம் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று நான் யோசிப்பதே இல்லை. இந்தச் சுமையோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு சாண் நகர என்ன வேண்டும் என்று மட்டும்தான் பார்க்கிறேன்.