அம்மாக்கண்ணு கேட்ட மார்வா

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அம்மாக்கண்ணுவை ‘தார்வாட்காரி’ என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயது. தம்பி சக்கரவர்த்தியின் வீட்டில் இருக்கிறாள். அவன் கொல்லையில் சாமை அறுப்பாள், புளி உலுக்கும் காலத்தில் பொறுக்கப் போவாள். பதிமூன்று வருடம் கர்நாடகத்தில் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறாளே என்று தம்பி மனைவி முனியம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் மலையை விட்டுப் போனது புருஷன் வெற்றிவேலோடுதான். சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கும் வேலை. ஒரு நாள் ஏணி சறுக்கி வெற்றிவேல் மரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளை குட்டி இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம், வேலை முடிந்து எல்லாரும் லயன் வீடுகளுக்குள் போய் அடுப்பு மூட்டும்போது, இவள் மட்டும் தன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருப்பாள். தோட்ட முதலாளி பார்த்துப் பார்த்து, கடைசியில் தார்வாட்டில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவைத்தார்.

அந்த அக்காதான் விமலாபாய். இந்துஸ்தானி சங்கீதம் பாடுகிறவர், சொல்லியும் தருகிறவர். முதல் வருடம் அம்மாக்கண்ணுவுக்குக் கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை மட்டும். சமையலறைக்குள் விட்டது இரண்டாம் வருடம். சாயங்காலமானால் கூடத்தில் பாட்டு. ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இழுப்பார்கள். அவளுக்குத் தலைவலிதான் வந்தது. ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் பாடும் ஒன்று மட்டும் அவளை வேலை செய்ய விடாது. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வருடம், டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது கேட்டேவிட்டாள். அதற்குள் கன்னடம் நன்றாகப் படிந்திருந்தது.

“அம்மாவரே, தப்பா நெனைக்காதீங்க. பொழுதுபோற நேரத்துல ஒண்ணு பாடுறீங்களே, அது ஏன் வூட்டுக்குள்ளயே வர மாட்டேங்குது? வாசல் வரைக்கும் வருது, திரும்பிப் போய்டுது.”

விமலாபாய் டம்ளரைக் கீழே வைத்தார். “யார் சொன்னார்கள் உனக்கு?”

“யாரும் சொல்லல. கேக்கறப்போ அப்படித்தான் இருக்குது.”

விமலாபாய் அவளை உட்காரச் சொன்னார். அந்த வீட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. “அதன் பெயர் மார்வா. ஸ என்பதுதான் பாட்டுக்கு வீடு. மார்வாவில் அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போகக்கூடாது. ரி பக்கமும் த பக்கமுமே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்” என்று பாடிக் காட்டினார். பிறகு அதே சுரங்களை எடுத்து இன்னொன்று பாடினார். இது க விலும் நி யிலும் நின்றது. கேட்கும்போதே உடம்பு சாய்ந்து உட்கார்ந்தது. “இது பூரியா. இரண்டுக்கும் சுரம் ஒன்றுதான். நிற்கிற இடம்தான் வேறு.”

மார்வா என்ன என்று அம்மாக்கண்ணுவுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லயன் வீட்டுக் கதவுக்கு வெளியே இரண்டு மாதம் நின்றவள் அவள்.

அதிலிருந்து தினமும் கேட்டாள். மாணவிகள் மார்வாவில் தொடங்கிப் பூரியாவுக்குள் சறுக்கினால், அடுப்படியில் இருந்தபடியே அவளுக்குத் தெரிந்துவிடும். மேதா என்ற மூத்த மாணவிகூட அடிக்கடி சறுக்குவாள். விமலாபாய் மட்டும் சறுக்கியதே இல்லை.

பதினோராம் வருடம் ஒரு சாயங்காலம் அவரும் சறுக்கினார். அம்மாக்கண்ணு அரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மாணவிகளைச் சோதிக்கிறார் போல என்று நினைத்தாள். ஆனால் யாரையும் அவர் திருத்தவில்லை. மேதா அப்படியே திருப்பிப் பாடினாள். அந்த வாரத்தில் நான்கு தடவை இப்படி நடந்தது. அவர் அதுவரை யார் பெயரையும் மறந்ததில்லை, பாலை இரண்டு தடவை காய்ச்சச் சொன்னதும் இல்லை. அதெல்லாம் பின்னால் வந்தது. முதலில் போனது மார்வாதான்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மாக்கண்ணு மெதுவாகச் சொன்னாள். “அம்மாவரே, மார்வா பாடறப்போ பூரியா வந்துடுதுங்க.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் வந்தது பயம். “எத்தனை தடவை?” என்றார்.

“நாலு.”

விமலாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “யாரிடமும் சொல்லாதே. என் மகனிடம்கூட. நான் பாடும்போது பின்னால் உட்கார். தவறிப் போனால் இருமு. நான் திரும்பிவிடுவேன்.”

ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓடியது. எந்த ஊர்க் கச்சேரியானாலும் மேடையில் தம்பூராவுக்குப் பின்னால் வெந்நீர் பிளாஸ்க்கோடு அம்மாக்கண்ணு இருப்பாள். வழி தவறினால் ஒரு இருமல். விமலாபாய் உடனே ரி யைப் பிடித்துத் திரும்பிவிடுவார். வயதானவரைக் கவனிக்க வேலைக்காரி கூடவே இருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள்.

கடைசியாக ஹூப்ளியில் ஒரு கச்சேரி. பொழுது சாயும் நேரம், மண்டபம் நிறைய ஆட்கள். மார்வா எடுத்துக் கால் மணி நேரத்திலேயே பூரியாவுக்குப் போய்விட்டார். அம்மாக்கண்ணு இருமினாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை இருமினாள். பாட்டு நின்றது. விமலாபாய் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளை அடையாளம் தெரிந்ததற்கான குறியே இல்லை.

“யார் இவள்? பாத்திரம் கழுவுகிறவளுக்கு மேடையில் என்ன வேலை? வெளியே அனுப்புங்கள்!”

ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் வந்து தோளைத் தொட்டார்கள். தானே எழுந்து போனாள். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றபோது உள்ளே பாட்டு மறுபடி தொடங்கியது. அது மார்வாவும் இல்லை, பூரியாவும் இல்லை.

மறுநாள் காலை மகன் பஸ் டிக்கெட்டைக் கொடுத்தார். “அம்மாவுக்கு உன்னைக் கண்டாலே கோபம் வருகிறது” என்றார். எதற்காக இருமினாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். கிளம்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த விமலாபாயைக் கும்பிட்டாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, போன தை மாதம், ஒரு பகல் வேளையில் போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டு வர, அம்மாக்கண்ணு கொல்லை மேட்டில் ஏறி நின்று பேசினாள்.

“அம்மாக்கண்ணு அக்கா, நான் மேதா. அம்மாவருடைய கடைசிக் கச்சேரியை வெளியிடுகிறோம். கூட இருந்தவர் நீங்கள், இரண்டு வார்த்தை பேசி அனுப்புங்கள்.”

“கடைசின்னா? இப்போ எப்படி இருக்காங்க?”

“ஆடியில் போய்விட்டாரே அக்கா. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?”

அம்மாக்கண்ணு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேதா பேசிக்கொண்டே போனாள். அந்தக் கச்சேரியில் அம்மாவரு மார்வாவையும் பூரியாவையும் கலந்து புதிதாக ஒரு ராகமே கண்டுபிடித்திருக்கிறாராம். மாணவிகள் எல்லாரும் சேர்ந்து அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்களாம். “நடுவில் இருமல் சத்தமும், பாட்டு நின்று அம்மாவரு சத்தம் போட்டதும் இருந்தது. கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டோம். இப்போது சுத்தமாக இருக்கிறது.”

“அது புது ராகம் இல்லம்மா” என்றாள் அம்மாக்கண்ணு. “அவங்களுக்கு வழி மறந்துபோச்சு. ஒன்றரை வருஷமா மறந்துகினு இருந்தாங்க. அவங்கதான் என்னை இருமச் சொன்னாங்க.” அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

“இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா?”

“இல்ல.”

“சொல்லாதீர்கள் அக்கா. அவர் பெயர் கெட்டுவிடும்.” போன் கட்டானது. பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. இவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

கீழே இறங்கி வந்தவளை முனியம்மா கேட்டாள். “யாரு போன்ல? திரும்ப வேலைக்குக் கூப்புடுறாங்களா?”

“அந்த அம்மா செத்துட்டாங்களாம்.”

“அடப் பாவமே. இன்னா ஒடம்புக்கு?”

“மறதி.”

“மறதிக்கெல்லாமா சாவாங்க?” என்றுவிட்டு முனியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு மாதம் கழித்து, ஜமுனாமரத்தூரில் ஒரு கடையில் பில் போடும் வேலையிலிருக்கும் தம்பி மகள் கலைவாணி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது தன் போனில் தேடி அந்தக் கச்சேரியைப் போட்டுக் காட்டினாள். திரையில் விமலாபாயின் பழைய படம், மாலை போட்டிருந்தது. கீழே வரிசையாக யார் யாரோ எழுதியிருந்தார்கள். கலைவாணி ஒன்றிரண்டைப் படித்துச் சொன்னாள்: இப்படி ஒரு கற்பனை இனி யாருக்கு வரும், கேட்டுக் கண்ணீர் வந்துவிட்டது.

அம்மாக்கண்ணு கண்ணை மூடிக் கேட்டாள். நல்ல மார்வா. குரல் ரி யில் நின்றது, த வுக்குப் போனது, ஸ வைத் தொடாமல் விலகியது. பிறகு க வில் போய் உட்கார்ந்தது. அங்கே அவள் தன்னை அறியாமல் இருமினாள். பாட்டு எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் பாடுறாங்க அத்தே. நீ ஏன் அழுவுற?”

“நிறுத்து. போதும்” என்றாள். கலைவாணி வேறு எதையோ தள்ளிப் பார்க்கத் தொடங்கினாள். அம்மாக்கண்ணு எழுந்து களத்துக்குப் போய், காயவைத்திருந்த சாமையை முறத்தில் அள்ளிப் புடைக்க உட்கார்ந்தாள். உமி பறந்து முகமெல்லாம் படிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.